சந்தியில் நிற்கும் வேலை

தொழிற்பயிற்சி நிலையமொன்றில் தொழில் வழிகாட்டல் பணியில் இருப்பதால், யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளின் தொழிலை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதை மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு தாயும் பிள்ளையுமாக வருவார்கள். தகப்பன்மார் பெரும்பாலும் வாசலில் மோட்டார் சைக்கிளிலேயே இருந்துவிடுவார்கள். பெண்பிள்ளைக்குத் தையல், கணினி, அழகுக்கலை, முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி. ஆண்பிள்ளைக்கு மின்னிணைப்பு, வெல்டிங், வாகனத் திருத்தம், குழாய் பொருத்துதல். இந்தப் பிரிவினை விண்ணப்பப் படிவத்தில் எங்கும் அச்சிடப்பட்டில்லை. எல்லாப் பாடநெறிகளும் எல்லோருக்கும் உரியவை என்றே விளம்பரத்திலும் போடுகிறோம். ஆயினும் நிரப்பிய படிவங்களை அடுக்கிப் பார்த்தால், ஒவ்வோராண்டும் அதே பக்கத்தில் அதே பெயர்கள்தான்.

யாரும் தடுப்பதில்லை என்பதை இங்கே முதலில் சொல்லவேண்டும். "பெண்பிள்ளைக்கு இது ஏலாத வேலை" என்று முகத்துக்கு நேரே சொன்ன பெற்றோரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். "பிள்ளை செய்வாள் மிஸ், அவளுக்கு அந்தக் கெட்டித்தனம் இருக்கு. சனம் கதைக்கும் எண்டதுதான் பயம்" என்பதே வழமையான பேச்சு. இந்தச் சனத்தை முகமில்லாத பெருங்கூட்டமென்று வெளியூர்க்காரர் நினைக்கக்கூடும். கொஞ்சம் பொறுமையாக விசாரித்தால் அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் சொல்லியே எண்ணிவிடலாம்: கலியாணத் தரகர் ஒருவர், ஸ்காபரோவிலோ பாரிஸிலோ இருக்கும் தாய்மாமன் ஒருவர், ஒழுங்கை முகப்பில் வீடுள்ள பெரியம்மா ஒருவர். அவர்களும் தடுப்பதில்லை. விசாரிக்கிறார்கள். "ஏன், பிள்ளைக்கு வேறை ஒண்டும் சரிவரேல்லையோ?" என்ற அந்த அக்கறையான விசாரிப்புக்கு ஒரு தாய் வாரத்துக்கு வாரம், கோயிலிலும் சந்தையிலும் செத்த வீட்டிலும் விடை சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். களைத்துப்போவது பிள்ளையல்ல, தாய்தான். தாய் களைத்தால் பிள்ளை வேலையை விட்டுவிடும்.

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். வலிகாமத்துப் பிள்ளை, தகப்பன் நோயாளி, ஆண் சகோதரம் இல்லை. வீட்டில் நின்ற பழைய மோட்டார் சைக்கிளைத் தானே கழற்றிப் பூட்டிப் பழகியவள், மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி திருத்தும் பாடநெறிக்கு விண்ணப்பித்தாள். காபரேற்றர் துப்புரவாக்குவதிலும் வால்வு இடைவெளி சரிசெய்வதிலும் வகுப்பிலிருந்த பொடியன்களைவிட அவளுக்குக் கை விரைவு என்று போதனாசிரியர் சொல்வார். தேசிய தொழிற்றகைமை மட்டம் 4 சான்றிதழ் கையில் கிடைக்கும்வரை ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஏனெனில் அதுவரை அது படிப்பு. படிப்புக்கு யாழ்ப்பாணம் குறுக்கே நிற்பதில்லை. 1824இலேயே உடுவிலில் பெண்களுக்கென விடுதிப் பள்ளி தொடங்கப்பட்ட மண் இது. ஆனால் படித்தபின் அந்தப் பெண் எங்கே நிற்கலாம் என்பதில்தான் எங்களவர் எப்போதும் தயங்கியிருக்கிறார்கள். 1913இல் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதனே, 1920களின் இறுதியில் இலங்கையின் அரசியலமைப்பைச் சீர்திருத்தவென்று பிரித்தானியாவிலிருந்து டொனமூர் ஆணைக்குழு வந்த காலத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதை எதிர்த்தார். கல்லூரிக்கு மதில் உண்டு. வாக்குச்சாவடி தெருவில் இருக்கிறது என்று அவர் நினைத்தாரோ தெரியாது.

கதைக்கு வருகிறேன். அவளை வேலைக்கு எடுத்த கராச் உரிமையாளர் நல்ல மனிதர். ஆண்களுக்குக் கொடுத்த அதே சம்பளத்தையே கொடுத்தார். ஆனால் கராச்சில் பெண்கள் போகக்கூடிய கழிவறை இல்லை. இருந்த ஒன்றுக்குக் கதவுக் கொக்கி இல்லை. பின்புறத்தில், டயர்க் குவியலுக்கு அப்பால் இருந்தது. அவள் காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டால் மாலை திரும்பும்வரை தண்ணீர் குடிப்பதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. வாடிக்கையாளர்கள் வருவார்கள், இயந்திரத்துக்குள் கைவைத்தபடி இருக்கும் அவளிடமே "முதலாளி எங்கை?" என்று கேட்பார்கள். திருத்த வேலை எதுவுமில்லாத சில இளைஞர்கள், காற்றுப் பார்க்கவென்று அடிக்கடி வரத்தொடங்கினார்கள். இதைக் கண்ட உரிமையாளர், அவளுக்கு உதவி செய்வதாகவே எண்ணி, உதிரிப்பாகம் விற்கும் மேசைக்கு அவளை மாற்றினார். பற்றுச்சீட்டு எழுதுவதும் காசு வாங்குவதும் வேலையாயிற்று. கையில் கிறீஸ் இல்லை, பேச்சும் இல்லை, பழகிய தொழிலும் இல்லை.

அதே காலத்தில் தங்கைக்கு ஒரு சம்பந்தம் வந்தது. குறிப்புப் பொருந்தியது, சீதனமும் பேசி முடிந்தது, மாப்பிள்ளை வீட்டார் இறுதியாகக் கேட்ட கேள்வி, "தமக்கை என்ன செய்யிறா?" என்பது. தரகர் ஓர் உபாயம் சொன்னார்: கலியாணம் முடியும்வரை வேலைக்குப் போகாமல் இருக்கட்டும், கேட்டால் மேற்படிப்புப் படிக்கிறா என்று சொல்லலாம். வெளிநாட்டிலிருந்த மாமா அதைவிடப் பெருந்தன்மையாக நடந்துகொண்டார். அவளுக்குக் கிடைக்கும் சம்பளத்தை மாதாமாதம் தானே அனுப்புவதாகச் சொன்னார். சொன்னபடி அனுப்பவும் செய்தார். அவள் வேலையை விட்டாள், தங்கையின் கலியாணம் சிறப்பாக நடந்தது, இன்று அவள் ஒரு கடையில் காசாளராக இருக்கிறாள். இந்தக் கதையில் கெட்டவர் என்று சுட்டிக்காட்ட ஒருவரும் இல்லை. உரிமையாளர், தரகர், மாமா, தாய் எல்லோரும் அவளுக்கு நல்லது செய்ததாகவே இன்றும் நம்புகிறார்கள். எங்கள் ஊரில் நெருக்குதல் பெரும்பாலும் உதவியின் கோலத்தில்தான் வருகிறது. திட்டினால் எதிர்த்து நிற்கலாம். மாதாமாதம் காசு அனுப்புகிறவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

எந்த வேலை ஆணுடையது, எந்த வேலை பெண்ணுடையது என்ற கணக்கைக் கொஞ்சம் அருகில் சென்று பார்த்தால், செய்யும் காரியத்துக்கும் அந்தக் கணக்குக்கும் தொடர்பு மிகக் குறைவு என்பது தெரியும். வீட்டில் மூன்று வேளையும் சமைப்பது பெண். கலியாண வீட்டிலும் அந்தியேட்டியிலும் கிடாரம் வைத்துச் சமைத்துக் கூலி வாங்குவது ஆண். வீட்டில் சட்டைக்குக் கை வைத்துத் தைப்பது பெண். கடைத்தெருவில் பலகை போட்டுக் காற்சட்டை தைப்பவர் ஆண். வெங்காயத் தோட்டத்தில் நடுகைக்கும் புல்லுப் பிடுங்கவும் கிண்டவும் பெண்கள் குனிந்து நிற்கிறார்கள்; அதே வெயில், அதே வரம்பு, ஆனால் நாட்சம்பளம் ஆணுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. ஆகவே சமையலோ தையலோ தோட்டவேலையோ ஆண்மை, பெண்மை பார்ப்பதில்லை. வேலி கடந்து, பணம் வாங்கி, நாலுபேர் பார்க்கச் செய்யப்படும்போதுதான் ஒரு வேலை ஆணுக்குரியதாகிவிடுகிறது. முற்றத்தில் பெண் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டால் கெட்டிக்காரி. அதையே சந்தியில் பெட்டி வைத்துச் செய்தால் பரிதாபத்துக்குரியவள்.

இதில் இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சந்தியில் நிற்கக்கூடாது என்ற விதி எல்லாப் பெண்களுக்கும் எழுதப்பட்டதல்ல. பிறர் காணிகளில் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு இறங்கிய பெண்களையும், சந்தையில் மீனும் மரக்கறியும் விற்ற பெண்களையும் பார்த்து "ஐயோ, பெண்பிள்ளை வெளியில் நிற்கிறதே" என்று ஒருவரும் கவலைப்பட்டதாக நான் அறியேன். காணியும் உத்தியோகமும் இருந்த சாதியினரின் வீட்டு விதி அது. பிற்பாடு படித்து முன்னேறிய ஒவ்வொரு குடும்பமும், முன்னேறியதற்கு அடையாளமாக அந்த விதியையும் தன் வீட்டுக்குள் கொண்டுவந்தது. அதனால்தான் ஒரு வீட்டில் பேத்தி ஓட்டோ ஓடுவதைப் பெருங்குறையாகப் பேசுகிறார்கள். அந்தப் பேத்தியின் பாட்டி தலையில் கடகம் சுமந்து சந்தைக்கு நடந்து போனவர்.

தேவை வந்தபோது இந்த விதிகள் எவ்வளவு விரைவாகத் தளர்ந்தன என்பதை என் வயதுக்காரர் கண்டிருக்கிறார்கள். பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராத 1990களின் முற்பகுதியில், மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டிருந்தபோது, அம்மாமாரும் ஆசிரியைகளும் சேலையோடு சைக்கிளில் மைல்கணக்கில் போனார்கள். இன்றுவரை சைக்கிளில் போகும் யாழ்ப்பாணத்துப் பெண்ணைப் பற்றி ஒரு நாவும் அசைவதில்லை. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பெண்கள் பாரவாகனம் ஓட்டினார்கள், இயந்திரம் திருத்தினார்கள், காயப்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தார்கள், ஆயுதமும் தரித்தார்கள். போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு அதே கைத்திறன் மறைக்கவேண்டிய பொருளாயிற்று. நன்றாக லொறி ஓட்டத் தெரிந்த பெண் ஒருத்தி என்னிடம் வந்து, தனக்கு வாகனம் ஓட்டத் தெரியாது என்று படிவத்தில் எழுதினாள். எங்கே பழகினாய் என்ற அடுத்த கேள்விக்கு விடை சொல்ல அவள் விரும்பவில்லை. மீள்குடியேற்றக் காலத்தில் வாழ்வாதார உதவியென்று வந்தவற்றில் தையல் இயந்திரமும் கோழிக்குஞ்சும் எத்தனை வீடுகளுக்குப் போயின என்று அந்த ஆண்டுகளில் கிராமங்களில் வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஓர் ஒழுங்கையில் இத்தனை பேர் தைத்தால் யார் தைக்கக் கொடுப்பது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பெண்ணுக்குக் கொடுக்கக்கூடிய பொருள் அதுதான் என்ற எண்ணம், கொடுத்தவர்களிடமும் வாங்கியவர்களிடமும் ஒரே அளவில் இருந்தது.

ஓட்டோ ஓடும் ஒரு பெண்ணை எனக்குச் சில ஆண்டுகளாகத் தெரியும். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கணவர் போரின் இறுதியில் காணாமல் போனவர். அக்காவுக்குச் சீதனமாக வந்த இரண்டு பரப்புக் காணி இருக்கிறது; உறுதி அவருடைய பெயரில்தான். ஓட்டோ வாங்க அதை ஈடுவைக்கப் போனபோது, கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண், தன் சொந்த அசையாச் சொத்தைக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்றவோ ஈடுவைக்கவோ முடியாது என்பது 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தில் உள்ள விதி. கணவர் இல்லாதவிடத்து மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்தச் சம்மதத்தைப் பெறலாம் என்று அதே சட்டம் வழியும் வைத்திருக்கிறது. காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்குக் காணப்படாமைச் சான்றிதழ் வழங்க 2016இல் சட்டமும் வந்திருக்கிறது. ஆனால் அந்தத் தாளை வாங்குவது கணவரைக் கைவிடுவதுபோல் அக்காவுக்குப் பட்டது. வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசும் இருக்கவில்லை. காணி உறுதியை வீட்டில் வைத்துக்கொண்டே, கூடிய வட்டிக்கு லீசிங்கில் ஓட்டோ எடுத்தார்.

முதற் சிக்கல் தரிப்பிடத்தில் தொடங்கியது. அங்கிருந்த ஓட்டுநர்கள் அவரை ஏசவில்லை, தள்ளவில்லை. அவர்களில் வயதில் மூத்தவர் ஒருவர் வந்து, "தங்கச்சி, குறை நினையாதையுங்கோ, நீங்கள் இதிலை நிண்டால் பொடியள் ஒண்டும் வாய்விட்டுக் கதைக்க ஏலாமல் கிடக்கு" என்று சொன்னாராம். இதைச் சொல்லும்போது அக்கா இன்றும் சிரிப்பார். அவர்களுடைய பகிடிகளைக் காப்பாற்றுவதற்காக, ஒரு குடும்பத்தின் வருமானம் வரிசையிலிருந்து விலகவேண்டி வந்தது. தரிப்பிடத்தில் இடமில்லாத ஓட்டோவுக்கு வழியில் மறிக்கும் ஹயர்தான் கிடைக்கும். அதற்கும் தரிப்பிடக்காரர்கள் முறைப்பார்கள். கடைசியில் அவருக்குக் கைகொடுத்தது பள்ளிக்கூட ஓட்டம். சிறு பிள்ளைகளையும் ரியூசனுக்குப் போகும் பெண்பிள்ளைகளையும் ஏற்றி இறக்கப் பெண் ஓட்டுநர் நல்லதென்று தாய்மார் தேடி வந்தார்கள். பார்க்கப்போனால் ஊர் அவருடைய தொழிலை ஏற்றுக்கொண்ட இடம் அதுதான்: ஓட்டோ ஓடுவது பிள்ளை பார்ப்பதாக மாறிய இடம். அதே தாய்மார், இரவு பஸ்ஸில் வந்து இறங்கும் தங்கள் கணவரை ஏற்றிவர அவரைக் கூப்பிடமாட்டார்கள்.

இரவு ஓட்டத்தில்தான் பணம் இருக்கிறது. கொழும்பு பஸ் வந்துசேரும் விடியப்புறமும், ரயில் வரும் இராப்பொழுதும், நல்லூர்த் திருவிழாக் காலமும் ஒரு ஓட்டோவின் லீசிங் கட்டுப்பணத்தைத் தேடித்தரும் வேளைகள். அக்கா ஏழு மணிக்குப் பின் வண்டி எடுப்பதில்லை. வண்டியின் பின்புறத்தில் எல்லா ஓட்டுநரையும்போல் கைப்பேசி இலக்கத்தை எழுதி வைத்திருந்தார், இரவு பத்து மணிக்கு "ஹயர் வருமோ?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கும் அழைப்புகள் வரத்தொடங்கியதும் அதைச் சுரண்டி அழித்தார். இலக்கத்தை அழித்ததால் ஹயர் குறைந்தது. கைப்பேசிச் செயலி மூலம் ஹயர் எடுக்கும் முறை வந்தபோது தரிப்பிடப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நான் நம்பினேன். ஓரளவு தீர்ந்ததும் உண்மை. ஆனால் செயலி ஓட்டுநரின் பெயரையும் இலக்கத்தையும் பயணிக்குக் கொடுத்துவிடுகிறது. பழைய அழைப்புகள் புதிய வழியாக வந்தன.

மகளிர் தினம் வரும்போது அவரைத் தேடி நிறுவனக்காரர்கள் வருவார்கள். மாலை போட்டு, ஓட்டோவுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்து, முகநூலில் ‘சாதனைப் பெண்’ என்று போடுவார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு உறவினர் ஒருவர், "எங்கடை குடும்பத்தை ஏன் ஊரெல்லாம் காட்டுறாய்?" என்று கேட்டதும், மகளின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ‘ஓட்டோ’ என்று பட்டம் தெளித்ததும் நிறுவனத்தாருக்குத் தெரியாது. அவர்களுடைய நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் ஒரு தொழிலைச் சாதனை என்று சொல்லும்போதே அது வழமையானதல்ல என்று முத்திரை குத்தியும் விடுகிறோம். ஓட்டோ ஓடுகிற ஆணுக்கு யாரும் மாலை போடுவதில்லை. தரிப்பிடத்தில் இடம் கொடுக்கிறார்கள். அக்காவுக்கும் அந்த இடம்தான் வேண்டியிருந்தது.

இதற்கு மாறான ஓர் உதாரணமும் எங்கள் கண்முன்னே இருக்கிறது. போர்க்காலத்தில் இராணுவத்தினதும் புலிகளினதும் முன்னரங்கக் காவல்நிலைகள் பல ஆண்டுகள் எதிரெதிரே நின்ற முகமாலையில், ஹலோ டிரஸ்ட் போன்ற கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்களில் பெருந்தொகையான பெண்கள் வேலை செய்திருக்கிறார்கள். முகக்கவசமும் பாரமான காப்புடையும் அணிந்து, வெயிலில் முழந்தாளிட்டு, மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறும் வேலை அது. ஓட்டோ ஓடுவதைவிட ஆயிரம் மடங்கு ஆபத்தானது. அதைப் பற்றி ஊர் ஏன் அவ்வளவு கதைக்கவில்லை? நான் யோசித்துப் பார்த்த அளவில் காரணங்கள் மிகச் சாதாரணமானவை. அவர்கள் தனியே போகவில்லை, அணியாகப் போனார்கள். வாகனம் வந்து ஏற்றி, திரும்பக் கொண்டுவந்து விட்டது. சீருடை இருந்தது, மாதச் சம்பளம் வங்கிக்கு வந்தது, வேலை முடிவது பொழுது சாய்வதற்கு முன்பு. ஒரே கிராமத்திலிருந்து பலர் போனபோது, கதைக்கிறவரின் வீட்டிலிருந்தும் ஒருத்தி போனாள். கதை அத்தோடு ஓய்ந்தது.

சட்டமும் இந்த விஷயத்தில் சும்மா இருந்ததில்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இயற்றப்பட்டபோது, மாலை 6 மணிக்குப் பின்னர் பெண்களை வேலையில் வைத்திருக்கக்கூடாது என்பதைப் பொதுவிதியாக்கி, ஹோட்டல் போன்ற சில இடங்களுக்கு மட்டும் விலக்களித்தது. சுரண்டலைத் தடுக்க எழுதப்பட்ட விதிதான். ஆனால் அது சொல்லும் ஆறு மணியும் எங்கள் பெரியம்மாமார் சொல்லும் ஆறு மணியும் ஒன்றாக இருப்பது தற்செயலானதென்று எனக்குத் தோன்றவில்லை. மதுபானம் விற்கும் இடங்களில் பெண்கள் வேலை செய்வதற்கு 1979 முதல் இருந்த தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதியின் பணிப்பில் தடை மீண்டும் வந்தது. சனம் கதைக்கும் என்ற பயம் வீடுகளுக்கு மட்டும் உரியதல்லவே.

ஆண்களின் பக்கத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. படிவம் வாங்குகிற என் அனுபவத்தில் அந்தப் பக்கத்துக் கதவுதான் அதிகம் இறுகியிருக்கிறது. வாகனத் திருத்தத்துக்கு ஆண்டுக்கு ஒரு பெண்ணாவது எட்டிப் பார்க்கிறாள். முன்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்த ஓர் ஆணை நான் இன்னும் காணவில்லை. அழகுக்கலைக்கு வந்த ஓர் இளைஞனை நினைவிருக்கிறது: மணப்பெண் அலங்காரத்தில், குறிப்பாகச் சேலை கட்டுவதிலும் கொண்டை போடுவதிலும், அபாரமான கைப்பழக்கம். பெண்ணுக்கு "குடும்ப மானம்" என்று வரும் கதை, ஆணுக்கு "இவன் ஒரு மாதிரி" என்று வரும். எங்கள் கூத்திலும் இசைநாடகத்திலும் ஆண்கள் பெண் வேடம் கட்டினார்கள். சந்திரமதியாக ஓர் ஆண் அழுதபோது ஊரே சேர்ந்து அழுதிருக்கிறது, மேடையிலிருந்து இறங்கியபின் அவர்களுடைய ஆண்மையை யாரும் அளந்து பார்க்கவில்லை. அதே ஊர், ஒரு பொடியன் மணப்பெண்ணுக்குக் கொண்டை போட்டால் அவன் யாரோடு திரிகிறான் என்று ஆராய்கிறது. ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு புத்தகத்தில் இருக்கும்வரை, அந்த ஆராய்ச்சி வெறும் ஊர்வம்பாக மட்டும் முடிந்துவிடும் என்று சொல்லவும் முடியாது. அந்த இளைஞன் பாடநெறியின் நடுவில் கொழும்புக்குப் போய்விட்டான். அங்கே நன்றாக உழைக்கிறான் என்று கேள்வி. கலியாண மாதங்களில் யாழ்ப்பாணத்துக்கும் அழைக்கிறார்களாம். கொழும்பிலிருந்து வரும் கலைஞர் என்றால் ஊருக்கு ஆட்சேபம் இல்லை, கட்டணம்தான் கூடுதல்.

ஆண் தாதியரின் நிலை வேறு. நோயாளர்கள் முதலில் கொஞ்சம் விழிப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள்; கலியாணச் சந்தையிலும் அவர்களுக்குக் குறைவில்லை. காரணம் வெளிப்படை: அரசாங்கச் சம்பளம், ஓய்வூதியம். எங்கள் ஊரில் எந்தத் தொழிலின் ஆண், பெண் பேதத்தையும் அழித்துவிடக்கூடிய ஒரே பொருள் ஓய்வூதியம் என்றுகூடச் சில வேளைகளில் எண்ணத் தோன்றுகிறது. முன்பள்ளி ஆசிரியைகளுக்குக் கிடைக்கும் சொற்பக் கொடுப்பனவை ஓய்வூதியமுள்ள முழுச் சம்பளமாக்கினால், அடுத்த ஆண்டே எத்தனை தகப்பன்மார் தங்கள் ஆண்பிள்ளைகளுக்குக் குழந்தைகளோடு பழகும் குணம் பிறப்பிலேயே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி வருவார்கள் என்று எனக்குத் தெரியும். சம்பளம் குறைவாக இருப்பதால் அது பெண்ணின் வேலையாயிற்றா, பெண்ணின் வேலையாக இருப்பதால் சம்பளம் குறைவா என்ற கேள்வியை ஒரு கூட்டத்தில் கேட்டேன். தேநீர் வந்துவிட்டது.

இப்போது நான் செய்வதெல்லாம் சின்னச் சின்னக் காரியங்கள்தான். வாகனத் திருத்தத்துக்கு ஒரு பெண் மட்டும் விண்ணப்பித்தால், அவளுடைய பெயரை வைத்துக்கொண்டே வேறு கிராமங்களில் அப்படி ஆர்வமுள்ளவர்களைத் தேடுகிறேன்; முகமாலை கற்றுத்தந்த பாடம் அது. தொழிற்பயிலுநராக அனுப்புவதற்கு முன் கராச்சுக்கு நேரே போய்க் கழிவறையைப் பார்க்கிறேன். கொக்கி இல்லாவிட்டால் பிள்ளை இல்லை என்று சொல்லிவிடுகிறேன். பெண்ணை உதிரிப்பாக மேசைக்கு மாற்றுவதானால் எங்களுக்கு அறிவிக்கவேண்டும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கக் கேட்டேன். மேலிடம் தயங்கித் தயங்கிச் சம்மதித்தது. படம் எடுக்க வருகிறவர்களிடம், பாடநெறியின் முழுத் தொகுதியையும் சேர்த்து எடுங்கள், பெண்பிள்ளைகளை மட்டும் முன்னால் இழுத்து நிறுத்தவேண்டாம் என்கிறேன். தாய்மாருக்குத் தனியாக ஒரு கூட்டம் வைக்கிறேன். அதில் பெண்ணுரிமை பற்றி நான் எதுவும் பேசுவதில்லை. சனம் கேட்கும் கேள்விகளுக்கு மற்றத் தாய்மார் என்ன விடை சொல்கிறார்கள் என்று ஒருவரையொருவர் கேட்கவிட்டு இருந்துவிடுவேன். சென்ற கூட்டத்தில் தென்மராட்சியிலிருந்து வந்த ஒரு தாய், "உங்கடை மகன் மாதம் எவ்வளவு அனுப்புறான் எண்டு திருப்பிக் கேளுங்கோ, பிறகு வரமாட்டினம்" என்றார். பக்கத்திலிருந்தவர் அதைத் தன் பையிலிருந்த பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார்.